எமனின் மகளுக்கு வந்த சந்தேகம்

வணக்கம். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசுகிறேன், இல்லையென்றால் மைக்கில் அதன் இரைச்சல்தான் பதிவாகிறது. நடுவில் நெற்றியைத் துடைத்துக்கொண்டால் கதையின் பயங்கரம் என்று நினைத்துவிடாதீர்கள், வெறும் புழுக்கம்தான்.

இன்றைய புத்தகம் ராபின் லஃபீவர்ஸ் எழுதிய 'கிரேவ் மெர்சி'. 2012இல் வெளிவந்தது. 500 பக்கங்களுக்கு மேல். அட்டையில் சிவப்பு உடையில் ஒரு பெண், கையில் ஆயுதம். இந்த அட்டைதான் என்னைப் பல மாதம் தள்ளி நிறுத்தியது. கொலை செய்வதையே தொழிலாகக் கொண்ட கதாநாயகி என்றாலே எனக்கு அலுப்பு. ஒரே மூச்சில் பத்துப் பேரைச் சாய்ப்பாள், பின்னல் கூடக் கலையாது, எல்லாரும் 'வலிமையான பெண்' என்று கைதட்டுவார்கள். இதுவும் அந்த வகைதான் என்று நினைத்திருந்தேன்.

முதல் பக்கமே என் வாயை அடைத்துவிட்டது. கதாநாயகி இஸ்மே தன் உடம்பில் இருக்கும் ஒரு தழும்பைப் பற்றிச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறாள். இடது தோளிலிருந்து வலது இடுப்பு வரை ஓடும் செந்நிறத் தழும்பு. கருவைக் கலைக்க அவளுடைய தாய் குடித்த மூலிகை நஞ்சு விட்டுச்சென்ற தடம் அது. நஞ்சையும் மீறிப் பிறந்ததால், அவள் மரண தேவனுக்குப் பிறந்தவள் என்று ஊர் முடிவுகட்டிவிடுகிறது. டர்னிப் கிழங்கு பயிரிடும் தகப்பன், 17 வயதில் அவளை ஒரு பன்றி வளர்ப்பவனுக்குக் கட்டிவைக்கிறான். தழும்பைப் பார்த்ததும் கணவன் மிருகமாகிறான். அங்கிருந்து அவளை மீட்டு, ஒரு தீவிலுள்ள கன்னிமடத்துக்கு அனுப்பிவைக்கிறார்கள்.

அந்த மடத்துச் சகோதரிகள் கும்பிடுவது மோர்டெய்ன் என்னும் சாவுத் தெய்வத்தை. கிறித்தவம் வந்த பிறகு, பழைய தெய்வங்களுக்குப் புனிதர் பட்டம் கொடுத்து உள்ளே சேர்த்துக்கொண்டார்கள் என்பது கதை. மோர்டெய்ன் ஆசிரியரின் கற்பனை. ஆனால் நம் ஊர் எல்லைச்சாமிகளுக்குப் புதுப் பெயரும் புதுத் தலபுராணமும் கிடைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

அந்த மடத்தில் மூன்று ஆண்டு கொலைப் பயிற்சி. இஸ்மேவுக்குப் பிடித்த பாடம் நஞ்சு. விஷம் அவளைக் கொல்லாது. படிக்கும்போது எனக்கு விஷகன்னிக் கதைகள்தான் நினைவுக்கு வந்தன. அங்கே பெண்ணின் தொடுகை கொல்லும், இங்கே ஆசிரியர் அதை எப்படித் திருப்பியிருக்கிறார் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். அரசவைக்குப் போக வேண்டி வரும்போதுதான் வேடிக்கை. ஆளை முடிக்கும் வழிகள் எல்லாம் அத்துப்படி, அரண்மனையில் பொய்யாகச் சிரித்துப் பேசத் தெரியாது. டுவால் என்ற பிரபுவின் காதலியாக நடித்துக்கொண்டே அவனை உளவு பார்க்க வேண்டும். எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்த பக்கங்கள் அவை.

இனி வரலாறு. களம் பிரிட்டனி. பிரிட்டன் அல்ல, கவனியுங்கள். இன்றைய பிரான்சின் வடமேற்கு மூலை, அப்போது ஒரு டியூக், அதாவது ஒரு பெரும் பிரபு, தனியாக ஆண்ட நாடு. 1488 ஜூலையில் செயின்ட் ஓபான் போரில் பிரெஞ்சுப் படையிடம் பிரிட்டனி தோற்கிறது. பிரெஞ்சு அரசரின் சம்மதம் இல்லாமல் தன் மகள்களுக்குத் திருமணம் செய்வதில்லை என்று டியூக் இரண்டாம் பிரான்சிஸ் ஒப்பந்தம் செய்துகொள்கிறார். செப்டம்பரில் இறந்தும் போகிறார். மூத்தவள் ஆன் அரியணைக்கு வரும்போது அவளுக்கு 11 வயது. ஆறாம் வகுப்புப் படிக்கும் வயது! உயிரோடு இருந்தபோது, உதவி கிடைக்கும் இடத்திலெல்லாம் அவளைக் கட்டிக்கொடுப்பதாகத் தகப்பன் வாக்குக் கொடுத்து வைத்திருந்தார். அதில் நாற்பது வயது தாண்டிய அலன் தால்ப்ரே என்ற பிரபுவும் ஒருவர். இதெல்லாம் உண்மையில் நடந்தது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், கதையில் இஸ்மேவும் ஆனும் ஒரே இக்கட்டில் இருப்பவர்கள். ஒருத்தியைக் கிழங்குத் தோட்டக்காரன் கைமாற்றிவிட்டான், இன்னொருத்தியை டியூக்.

இனிக் கதையின் முக்கியமான திருப்பத்தைச் சொல்லப்போகிறேன், வேண்டாம் என்பவர்கள் ஒரு நிமிடம் தள்ளி ஓட்டுங்கள்.

யாரைக் கொல்ல வேண்டும் என்பதை இஸ்மே தானாக முடிவு செய்வதில்லை. சாக வேண்டியவர் உடம்பில் மோர்டெய்ன் இட்ட கருநிழல் போன்ற ஓர் அடையாளம் அவள் கண்ணுக்குத் தெரியும். தெரிந்தால் கொல்லலாம், அது தெய்வத்தின் கட்டளை என்று மடம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. வசதியான ஏற்பாடு. கை என்னுடையது, பாவம் என்னுடையதில்லை. பின்னால் ஒரு போர்க்களத்தில், குற்றுயிராகக் கிடக்கும் சாதாரண வீரர்கள் மேலும் அதே அடையாளத்தைப் பார்க்கிறாள். இவர்கள் என்ன துரோகம் செய்தார்கள்? அந்த அடையாளம் சாவு வரப்போகிறது என்றுதான் சொல்கிறது, 'நீ கொல்' என்று சொல்லவில்லை. அப்படியானால் இதுவரை கொன்றதெல்லாம்? அவள் கையில் இருக்கும் கத்தி அங்கே வேறு வேலைக்குப் பயன்படுகிறது. வலியில் துடிப்பவர்களை விடுவிக்கிறாள். புத்தகத் தலைப்பில் இருக்கும் 'மெர்சி', அதாவது கருணை, என்பதன் பொருள் எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. இத்தனை கொலைகளில் காட்டாத துணிவை, 'எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம்' என்று நினைக்கும் அந்தக் கணத்தில் இஸ்மே காட்டுகிறாள்.

குறையும் உண்டு. நடுவில் ஆலோசனைக் கூட்டம், பிறகு இன்னொரு ஆலோசனைக் கூட்டம் என்று இழுக்கிறது. தால்ப்ரேவுக்குக் கெட்டவன் என்பதைத் தவிர வேறு குணமே இல்லை. கடைசியில் ஒருவரின் உயிரைக் காப்பாற்றும் விதம்... காதல் கதைக்குப் பொருந்தும், எனக்குக் கொஞ்சம் நெளிய வைத்தது. மடம், கொலை, திருமணக் கொடுமை எல்லாம் இருப்பதால், சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஆன் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். 1491இல் பிரிட்டனியின் ரென் நகரத்தைப் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டது. அந்த டிசம்பரில், 14 வயதில், யாரைத் தவிர்க்க இவ்வளவு பாடுபட்டார்களோ அந்தப் பிரெஞ்சு அரசரையே அவள் மணந்தாள். அவர் 1498இல் இறந்ததும், அடுத்து வந்த அரசரை மணந்தாள். பிரான்சுக்கு இரண்டு முறை அரசி. நாவலை மூடியபின் இதைத் தேடிப் படித்தேன், அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அடுத்த பாகம் 'டார்க் டிரையம்ஃப்', மடத்துத் தோழி சிபெல்லாவின் கதை. நாற்பது பக்கம் ஆகியிருக்கிறது, இஸ்மேவைவிட இவள் கோபக்காரி. முடித்ததும் வருகிறேன். இப்போது மின்விசிறியைப் போட்டே ஆக வேண்டும்.