ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றது செத்துவிடாது

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், பட்டர்வொர்த்திலிருந்தும் பிறையிலிருந்தும் பாலம் கடந்து பினாங்குத் தீவுக்கு வந்திருக்கும் பெற்றோருக்கும், பின்வரிசையில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்களுக்கும் என் வணக்கம்.

பல துறைகளில் ஆர்வமுள்ள பிள்ளை 17 வயதில் ஒரு பாதையைத் தேர்ந்தெடுப்பது நன்மையா, அவசரமா? இதுதான் இன்றைய தலைப்பு. நன்மையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், “பிள்ளைகளை நெருக்காதீர்கள், எல்லாக் கதவும் திறந்தே இருக்கட்டும்” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் ஐயா, நாம் முடிவெடுக்கவில்லை என்பதற்காக எந்தக் கதவும் திறந்தே கிடப்பதில்லை.

நான்காம் படிவத்தையே பாருங்கள். நம் மலேசியப் பள்ளிகளில் 16 வயதில் படிக்கும் அந்த வகுப்பில், 2020 முதல் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய ஏற்பாடு போய்விட்டது. பிள்ளைகள் விருப்பப் பாடங்களைத் தொகுப்பாக எடுக்கிறார்கள். சுதந்திரம் கூடியிருக்கிறது, சரி. இயற்பியலும் கூடுதல் கணிதமும் இல்லாத தொகுப்பை எடுத்த பையன், ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வை முடித்துவிட்டுப் பொறியியல் வேண்டும் என்று நின்றால்? அவன் எந்தக் கதவையும் சாத்தவில்லை. 16 வயதிலேயே அது தானாகச் சாத்திக்கொண்டது.

அப்புறம் அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான யூ.பி.யூ. விண்ணப்பம். எங்கள் அடுக்குமாடியில் ஒரு பிள்ளை இருக்கிறாள். கெட்டிக்காரி. வயலின் வாசிப்பாள், பள்ளி இதழுக்குப் படம் வரைவாள், வீட்டில் நின்றுபோன மின்விசிறியைக் கழற்றித் தானே ஓட வைப்பாள். கடைசி நாள் இரவு கைப்பேசியை வைத்துக்கொண்டு விண்ணப்பத்தை நிரப்பினாள். விரும்பும் படிப்புகளை வரிசைப்படுத்த அதில் 12 இடங்கள் இருக்கும். முதலில் மெக்கட்ரோனிக்ஸ், அடுத்து உள்ளரங்க வடிவமைப்பு, அடுத்து கணக்கியல். அதற்குப் பிறகு தோழி போட்டது, அண்ணன் சொன்னது என்று வரிசை போயிற்று. கிடைத்தது ஒன்பதாவது. “ஏன்மா அதைப் போட்டாய்?” என்று கேட்டேன். “இடம் காலியா இருந்துச்சுக்கா, போட்டேன்” என்றாள்.

நடுவர் ஐயா, அந்தப் பதில் எனக்கு இன்னும் வலிக்கிறது. யாருக்கு எந்தப் படிப்பு என்று முடிவு செய்யும் கணக்கில் தேர்வு மதிப்பெண்ணுக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு. எந்த ஆர்வம் ஆழமானது என்று கேட்க அங்கே ஆளில்லை. அவளுக்கு ஆர்வம் குறைவு என்று யார் சொல்ல முடியும்? எது முதலில் என்று அவளோடு உட்கார்ந்து பேச ஒருவரும் இல்லை, அவ்வளவுதான். முடிவை அவள் தள்ளிப்போட்டாள். தள்ளிப்போட்ட முடிவை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள்.

எதிரணித் தலைவர் தன் கட்சிக்கு டாக்டர் மணி ஜெகதீசனைச் சாட்சியாக அழைத்தார். மருத்துவர், ஓட்டக்காரர், இரண்டிலும் வென்றவர் என்றார். அதே ஜெகதீசனை நானும் அழைக்கிறேன். 1960 ரோம், 1964 தோக்கியோ, 1968 மெக்சிகோ என்று மூன்று ஒலிம்பிக்கில் ஓடியவர். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம். மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடிய அவருடைய தேசியச் சாதனை 2017 வரை நின்றது. இத்தனைக்கும் நடுவில் அவர் படித்தது மருத்துவம். பாதையைத் தேர்ந்தெடுக்காமல் காத்திருந்தாரா? இல்லை. மருத்துவத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினார். பின்னாளில் சுகாதார அமைச்சில் துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்தார். ஒன்றைத் தொழிலாக எடுத்ததால் மற்றது செத்துவிடவில்லை என்பதற்கு இவரைவிட நல்ல சாட்சி எனக்கு வேண்டாம்.

சரி, பல ஆர்வம் இருக்கும்போது எதைத்தான் எடுப்பது? பின்வரிசைப் பிள்ளைகளே, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். எது உங்களுக்கு அதிகம் பிடிக்கும் என்று கேட்டால் பதில் வராது. எல்லாமே பிடிக்கும். அதனால் கேள்வியை மாற்றுங்கள். கல்லூரியும் உரிமமும் கருவிக்கூடமும் இல்லாமல் எது வாழாது? அறுவை சிகிச்சையை யாரும் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காகச் செய்ய முடியாது. மருத்துவராவதற்கே ஐந்து ஆண்டுப் படிப்பும் இரண்டு ஆண்டுப் பயிற்சி மருத்துவமும் வேண்டும். கட்டடங்களுக்கு மின்கம்பி இழுக்கும் வேலைக்கும் எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். ஆனால் உறுமி மேளத்தை வேலை முடிந்து வந்தும் அடிக்கலாம். கவிதையை இரவு பத்து மணிக்கும் எழுதலாம். வீட்டில் வாழக்கூடிய ஆர்வத்துக்கு வீட்டில் இடம் கொடுங்கள். வெளியே மட்டுமே வாழக்கூடியதற்கு உங்கள் 17 வயதைக் கொடுங்கள். இசைதான் உயிர், அதைக் கல்லூரியில் முறையாகப் படித்தால்தான் தேறுவேன் என்றால் இசையையே எடுங்கள். எங்கள் அணி அதற்குத் தடை சொல்லவில்லை. தெரிந்து எடுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

“17 வயதில் பிள்ளைக்கு என்ன தெரியும்?” என்று கேட்கிறார்கள். தெரியாதுதான். தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. எஸ்.பி.எம். தேர்வு முடிந்து முடிவு வரும்வரை உள்ள மாதங்களில் நம் பிள்ளைகள் பலர் பேரங்காடியில் துணி மடிக்கிறார்கள், கைப்பேசிக் கடையில் உறை விற்கிறார்கள். சம்பாதிக்கட்டும், தப்பில்லை. அதே மாதங்களில் ஒரு பட்டறையிலோ, கிளினிக் முகப்பிலோ, கணக்காளர் அலுவலகத்திலோ வேலைக்கு நின்றால் சம்பளத்தோடு பதிலும் கிடைக்கும். கிரீஸ் கறை படிந்த கையோடு மூன்று வாரம் நின்ற பிறகும் மறுநாள் காலையில் போகத் தோன்றுகிறதா என்று பார்த்துவிடலாமே!

பாதை தவறிவிட்டால்? மாற்றிக்கொள்ளலாம். பொலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்தவர்கள் பட்டப்படிப்புக்குப் போகிறார்கள். எஸ்.பி.எம்.முக்குப் பிறகு பள்ளியிலேயே ஆறாம் படிவம் படித்தவர்களுக்கும் பல துறைகள் இருக்கின்றன. எங்கோ ஓரிடத்தில் கால் ஊன்றியவருக்குத்தான் அடுத்த அடி எடுத்து வைக்க முடியும். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

மணி அடித்துவிட்டது, கடைசியாக ஒன்று. இரண்டு வருடம் சுற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்பது வசதியுள்ள வீட்டுக்குச் சரி. இந்த மண்டபத்தில் இருக்கும் தாய்மார்களில் சிலர் இன்றிரவு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வேன் ஏறப்போகிறவர்கள். அவர்கள் பிள்ளை பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடன் வாங்கிப் படிப்பான். ஆர்வம் மாறிப் பாதியில் விட்டாலும் வாங்கிய கடனைக் கட்டித்தான் ஆக வேண்டும். அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழி வேறு எதற்கும் பதில் சொல்ல வேண்டாம். அந்தப் பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கும் இரண்டு வருடத்துக்கு அந்த அம்மா இன்னும் எத்தனை இரவு வேலை பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.