மெழுகுவத்தி போதாதுங்க!

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில உக்காந்துகிட்டு ஏற்கனவே ஜெயிச்ச மாதிரி சிரிச்சுகிட்டு இருக்கிற மூணு பேருக்கும், இவ்வளவு நேரம் பொறுமையா கேட்டுகிட்டு இருக்கிற உங்களுக்கும் வணக்கம்.

தலைப்பு என்ன? மரித்தோருக்கு நாம செலுத்துற உண்மையான நினைவு எது, கல்லறையில ஏத்துற மெழுகுவத்தியும் ஜெபமுமா, இல்ல அவங்க விட்டுட்டுப் போன விசுவாசத்தை நாம வாழ்றதா? நான் ரெண்டாவது அணி. எனக்கு முன்னாடி பேசின சகோதரி ஒரே போடா போட்டாங்க, "வருஷத்துக்கு ஒரு தடவை கல்லறைக்கு வர நேரம் இல்லாதவன் வாழ்க்கையில எங்க நினைக்கப் போறான்"னு. நல்ல கேள்விதான். நானே கைதட்டிட்டேன், அப்புறம்தான் எதிரணின்னு ஞாபகம் வந்துச்சு.

ஆனா ஒண்ணு சொல்லிடுறேன், நாங்க கல்லறைக்கு எதிரி இல்ல. செத்துப்போன நண்பர் லாசரோட கல்லறைக்குப் போறப்ப இயேசுவே அழுதாரு, இன்னும் கொஞ்ச நேரத்துல எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் அழுதாரு. அதனால அழுறதையோ பூ வைக்கிறதையோ நாங்க குறை சொல்லல, அதோட முடிஞ்சு போச்சுன்னு கையை உதறிகிட்டு வீட்டுக்கு வர்றோமே, அங்கதான் எங்களுக்குப் பிரச்சினை.

சகோதரி பைபிள்ல மக்கபேயர் ரெண்டாம் புத்தகத்தை எடுத்தாங்க. 12-ஆம் அதிகாரம், 43-ஆம் வசனம், யூதப் படைத்தலைவர் யூதா மக்கபே போர்ல செத்த வீரர்களுக்காக 2,000 திராக்மா வெள்ளி வசூல் பண்ணி பாவப்பரிகார பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்கு அனுப்பினாருன்னு. சரியாத்தான் சொன்னாங்க. ஆனா ஏன் 43-ல ஆரம்பிச்சீங்கன்னுதான் கேக்குறேன். 40-ல இருந்து வாசிங்க. செத்தவங்களை அடக்கம் பண்ண போறாங்க, உடுப்பைத் தூக்கிப் பாத்தா ஒவ்வொருத்தன் உள்ளயும் யாம்னியா ஊர் சிலைகளோட தாயத்து! வெளிய கடவுளுக்காகப் போர், உள்ள தாயத்து. அப்ப யூதா என்ன செஞ்சாரு? காசு வசூல் பண்றதுக்கு முந்தி, 42-ஆம் வசனத்துல, உயிரோட நிக்கிறவங்களைப் பாத்து, பாத்தீங்கள்ல இவங்களுக்கு என்ன ஆச்சுன்னு, நீங்களாவது பாவம் இல்லாம இருங்கன்னு புத்தி சொல்றாரு. முதல்ல வாழ்க்கை, அப்புறம்தான் காணிக்கை. அந்த ஒரு வசனத்தை விட்டுட்டு வந்துட்டீங்க சகோதரி, நான் எடுத்துக்கிட்டேன்.

அடுத்து இந்த நவம்பர் 2, நம்ம கல்லறைத் திருநாள். இதை ஒரு திருநாளா நிலைநாட்டினது பிரான்ஸ்ல க்ளூனி மடத்து அதிபர் புனித ஓதிலோ, 1000-ஆம் வருஷத்தை ஒட்டி, தன் மடங்கள் எல்லாத்துலயும் மரித்தவங்களுக்காக ஜெபிக்கணும்னு ஏற்பாடு பண்ணாரு, அங்கிருந்துதான் பரவுச்சு. எதிரணிக்கு இவரை விட பெரிய சாட்சி கிடையாது, ஒத்துக்கிறேன். ஆனா அதே ஓதிலோ பெரிய பஞ்சம் வந்தப்ப என்ன பண்ணாரு தெரியுமா? கோயில் பாத்திரங்களை உருக்கி, பேரரசர் ஹென்றி மடத்துக்குக் கொடுத்த தங்கக் கிரீடத்தையும் வித்து ஏழைங்களுக்கு சாப்பாடு போட்டாரு. செத்தவங்களுக்காக ஜெபிக்கச் சொன்ன அதே மனுஷன், உயிரோட இருக்கிறவன் பட்டினியா கிடக்கும்போது கிரீடத்தைக் கட்டிப்பிடிச்சுகிட்டு உக்காரல. அவர் கிட்ட ரெண்டும் ஒண்ணா இருந்துச்சு, நம்மகிட்ட ஒண்ணு மட்டும் தங்கிடுச்சு, அதுவும் ஈசியான ஒண்ணு.

எனக்கு ரொம்ப பிடிச்சது பைபிள்ல திருத்தூதர் பணிகள்ல வர்ற, யோப்பா ஊர்ல இருந்த தொற்கா. தபித்தான்னும் பேரு. அந்த அம்மா செத்துட்டாங்க, குளிப்பாட்டி மாடி அறையில கிடத்தியிருக்காங்க, இயேசுவோட சீடர் பேதுரு வர்றாரு. விதவைங்க எல்லாம் அழுதுகிட்டே அவரைச் சுத்தி நிக்கிறாங்க. யாரும் அந்த அம்மாவோட பெருமையை மைக் பிடிச்சுப் பேசல, அவங்க தைச்சுக் கொடுத்த துணிங்களைக் காட்டுறாங்க. எனக்கு அது அப்படியே கண்ணுக்குள்ள நிக்கும், இது எனக்குத் தைச்சது பாருங்க, இந்த அங்கி என்னோடதுன்னு ஒவ்வொருத்தியும் எடுத்து நீட்டியிருப்பா, ஒருத்தி போட்டுகிட்டே கூட வந்திருப்பா. நாளைக்கு நாம போனதுக்கு அப்புறம் எதைத் தூக்கிக் காட்டுவாங்கன்னு யோசிச்சா எனக்கு நிஜமாவே கொஞ்சம் வயித்தைக் கலக்குது.

நடுவர் வாட்சைப் பாக்குறாரு. இன்னும் ரெண்டே நிமிஷம் ஐயா.

இது என் வீட்டுக் கதை. எங்கப்பாவுக்கும் எங்க சித்தப்பாவுக்கும் சொத்துப் பிரிச்சதுல சண்டை. யார் மேல தப்புன்னு இப்ப சொல்ல மாட்டேன், சொன்னா அது வேற பட்டிமன்றம் ஆயிடும். அப்பா படுக்கையில கிடந்த கடைசி வாரம் கதவு சத்தம் கேக்குறப்பல்லாம் "தம்பி வந்தானா"ன்னு கேப்பாரு. நான் "இல்லப்பா"ன்னு சொல்லுவேன். அவ்வளவுதான், ஒரு போன் போட்டிருக்கலாம், நான் போடல. எனக்கு கோவம்.

அப்பா போனதுக்கு அப்புறம் அஞ்சு வருஷம் ஒரு கல்லறைத் திருநாள் கூட நான் விட்டதில்ல. சித்தப்பாவும் விட்டதில்ல. அதுதாங்க கூத்து! ஒரே கல்லறை, நான் இந்தப் பக்கம் மெழுகுவத்தி, அவர் அந்தப் பக்கம் மெழுகுவத்தி, நடுவுல அப்பா. ரெண்டு பேரும் கண்ணை மூடி நித்திய இளைப்பாற்றி வேண்டுறோம். நாங்க பண்ற கூத்துல அவருக்கு எங்கிருந்து இளைப்பாற்றி! போன வருஷம் நல்ல காத்து, சித்தப்பா மெழுகுவத்தி அணைஞ்சுடுச்சு. சட்டைப் பையைத் தடவுறாரு, தீப்பெட்டி இல்ல. என் கையில இருந்துச்சு. கொடுக்கலங்க. கண்ணை இறுக்கி மூடிகிட்டு இன்னும் சத்தமா ஜெபம் பண்ணேன்.

மத்தேயு 5-ஆம் அதிகாரத்துல இயேசு என்ன சொல்றாரு? காணிக்கையோட பீடத்துக்கிட்ட நிக்கிறப்ப உன் சகோதரனுக்கு உன் மேல மனத்தாங்கல் இருக்குன்னு ஞாபகம் வந்தா, காணிக்கையை அங்கயே வச்சுட்டுப் போ, முதல்ல ஒப்புரவாகு, அப்புறம் வான்னு. பூசையில எத்தனை தடவை கேட்டிருப்பேன்! எனக்கு அது அன்னைக்கு ராத்திரி, அந்தத் தீப்பெட்டியை மேஜை மேல வைக்கிறப்பதான் உறைச்சது. சகோதரி, கல்லறைக்குப் போகாதவன் எப்படி நினைப்பான்னு கேட்டீங்களே, அஞ்சு வருஷமா போனவன் நான், நினைக்கவே இல்லைங்கிறதுக்கு நானே சாட்சி.

இந்த வருஷம் கல்லறைக்குப் போறதுக்கு முந்தி சித்தப்பா வீட்டுக்குப் போனேன். பெல் அடிச்சுட்டு, ஓடிடலாமான்னு கூட இருந்துச்சு. சித்திதான் கதவைத் தொறந்தாங்க. என்னைப் பாத்துட்டு ஒண்ணும் பேசல. உள்ள இருந்து சித்தப்பா "யாரு"ன்னு கேட்டாரு.

சித்தி திரும்பிப் பாக்காமயே சொன்னாங்க, "உங்க அண்ணன் மாதிரியே ஒருத்தன் வந்து நிக்கிறான்."

மணி அடிச்சுட்டாங்க, உக்கார்றேன்.