விபூதி அப்புறம், நெஞ்சை அமுக்குறது முதல்ல

வணக்கம். டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட்னு எங்கெங்கேயோ இருந்து ரேடியோல கேக்குற ஐயாமாரு, அம்மாமாரு எல்லாருக்கும் வணக்கம். ஆபரேஷன் நடக்குறப்போ இதயம், நுரையீரல் ரெண்டோட வேலையையும் பாக்குற இதயம்-நுரையீரல் மெஷினை ஓட்டுறதுதான் என் வேலையா இருந்துச்சு, பெர்ஃப்யூஷனிஸ்ட்டுன்னு சொல்வாங்க, சர்ஜன் பேரு பேப்பர்ல வரும் எங்க பேரு வராது, சரி அத விடுங்க.

இதயம் நின்னு, கரண்ட் ஷாக் குடுத்தும் மருந்து போட்டும் திரும்ப ஓடலைன்னா? சில ஊர்கள்ல தொடையில இருக்கற பெரிய ரத்தக்குழாய் ரெண்டுல டியூபை விட்டு, ஒண்ணு வழியா ரத்தத்தை வெளிய இழுத்து, மெஷின்ல ஆக்சிஜன் ஏத்தி, இன்னொண்ணு வழியா திருப்பி அனுப்புறாங்க. எக்மோன்னு கோவிட் நேரத்துல கேட்டிருப்பீங்க, அப்போ பெரும்பாலும் நுரையீரலுக்கு மட்டும், இது இதயத்துக்கும் சேர்த்து. மெஷின் யாரையும் குணப்படுத்தாது. மூளை சாகாம பாத்துக்கும், அதுக்குள்ள டாக்டருங்க அடைப்பைத் தேடி எடுக்கணும், அவ்வளவுதான்.

டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்ட் கதை தெரியாதவங்க இந்த தென்னாப்பிரிக்கால கெடையாது. 1967 டிசம்பர் 3, கேப்டவுன்ல குரூட் ஸ்கூர் ஆஸ்பத்திரி, உலகத்துலயே முதல் தடவையா மனுஷனுக்கு மனுஷ இதயத்தை மாத்தி வெச்சாரு. ஆனா அதுக்கு முன்னாடி அவரு அமெரிக்கால மினசோட்டா யுனிவர்சிட்டில படிச்சாரு, 1958ல திரும்பும்போது அங்க இருந்த ப்ரொஃபஸர் வாங்கன்ஸ்டீன் தயவுல ஒரு இதயம்-நுரையீரல் மெஷினும் கேப்டவுனுக்கு வந்துச்சு. அத யாரும் பேச மாட்டாங்க! அந்த மெஷினை வெச்சு எத்தனையோ ஆபரேஷன் பண்ணி ஆளுங்கள பழக்கினதாலதான் அந்த ராத்திரி நடந்துச்சு. மெஷின் பெரிசில்ல, சுத்தி நிக்கிற ஆளுங்கதான் பெரிசு, இத நான் திரும்பத் திரும்ப சொல்வேன், பொறுத்துக்கோங்க.

அதே மினசோட்டால 2020ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஷாக்குக்கு அடங்காத இதயம், எக்மோ போட்ட 14 பேர்ல 6 பேர் வீட்டுக்குப் போனாங்க, வழக்கமான வைத்தியம் பாத்த 15 பேர்ல ஒருத்தர்தான். பாதிலயே ஆய்வை நிறுத்திட்டாங்க, அவ்வளவு வித்தியாசம். ஆனா மெஷின் கிட்ட வர்ற வரைக்கும் அவங்க நெஞ்சை அமுக்கிக்கிட்டே வந்தாங்க, அத யாரும் மறந்துடக் கூடாது.

நம்ம வீட்டுல என்ன நடக்குது? பெரியப்பா மயங்கி விழுந்தா தண்ணி தெளிப்போம், விபூதி பூசுவோம், யாராவது அண்ணனுக்கு ஃபோன் போடுவாங்க, நாலஞ்சு நிமிஷம் அதுலயே போயிடும், மூளை அதுக்குள்ளயே சாக ஆரம்பிச்சுடும். சுகரும் நெஞ்சு வியாதியும் நம்ம குடும்பங்கள்ல எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். கூப்பிட்டா பதில் இல்ல, மூச்சும் சரியா இல்லைன்னா நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வெச்சு அஞ்சு சென்டிமீட்டராவது இறங்குற மாதிரி, நிமிஷத்துக்கு 100லருந்து 120 தடவை அமுக்குங்க. விலா எலும்பு முறியுமேன்னு பயப்படாதீங்க, முறிஞ்சா ஒட்டிக்கும்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலருந்து தம்பி நேரமாச்சுன்னு கையைக் காட்டுறாரு. அப்ப சுருக்கமா. நெதர்லாந்துல 10 ஆஸ்பத்திரில பண்ணின எக்மோ ஆய்வு 2023ல வந்துச்சு, அதுல மூளை நல்லா இருந்து பிழைச்சவங்க எக்மோ போட்டவங்கள்ல நூத்துக்கு 20, வழக்கமான வைத்தியத்துல 16, அவ்வளவுதான் வித்தியாசம், அதனால எல்லா ஊருக்கும் இது சரிப்படும்னு நான் சொல்ல மாட்டேன். எக்மோவ எல்லாருக்கும் போடவும் மாட்டாங்க, விழுந்தத யாராவது பாத்திருக்கணும், உடனே அமுக்கியிருக்கணும், ஒரு மணி நேரத்துக்குள்ள டியூப் ஏறணும். செலவப் பத்தி பேசணும்னு இருந்தேன், நேரமில்ல. இங்க தென்னாப்பிரிக்கால ஆம்புலன்ஸுக்கு 10177, செல்ஃபோன்லருந்துன்னா 112. வர்றேன்.