பழைய பக்கங்களைப் புரட்டுங்கள்

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

நாட்குறிப்பு எழுதச் சொல்லாத ஆசிரியர் இல்லை. ஜனவரி முதல் தேதி தொடங்கிப் பொங்கலுக்குள் விட்டுவிடாத மாணவரும் அதிகம் இல்லை. அந்த அறிவுரையை மறுபடியும் சொல்வதற்காக நான் இங்கே வரவில்லை. எழுதியதை அதற்குப் பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் என் கவலை. எழுதிய நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து அதை எடுத்துப் படிக்கும்போதுதான் மீதி வேலை நடக்கிறது.

புறங்கூறாமை அதிகாரத்தின் கடைசிக் குறள் உங்களில் பலருக்கு மனப்பாடமாக இருக்கும். “ஏதிலார் குற்றம்போல் தங்குற்றம் காண்கிற்பின் தீதுண்டோ மன்னும் உயிர்க்கு.” அயலார் குற்றத்தைப் பார்ப்பதுபோலத் தன் குற்றத்தையும் பார்க்க முடிந்தால் உயிர்களுக்குத் தீங்கு ஏது என்று கேட்கிறார் வள்ளுவர். ஆனால் நேற்றுக் கோபத்தில் பேசியதற்கு இன்று நம்மிடம் நூறு நியாயம் இருக்கிறதே, நமக்கு நாமே எப்படி அயலார் ஆவது? காலம் அதைச் செய்து தருகிறது. போன வருடம் எழுதிய பக்கத்தைப் படித்துப் பாருங்கள். கையெழுத்து நம்முடையதுதான், ஆள் வேறு. அந்த ஆளின் தவறு கண்ணுக்குத் தெரியும். அவர்மேல் இரக்கமும் வரும்.

இதை எனக்குப் புரியவைத்தவள் ஒரு சிறுமி. ஆன் ஃபிராங்கின் பெயரை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். 1942 ஜூன் 12, அவளுடைய 13-வது பிறந்த நாள். அன்று பரிசாக வந்த நோட்டில் எழுதத் தொடங்கினாள். அடுத்த மாதமே அவளுடைய யூதக் குடும்பம் நாஜிகளுக்குப் பயந்து ஆம்ஸ்டர்டாமில் ஒரு கட்டடத்தின் பின்பகுதியில் ஒளிந்துகொண்டது. வேறு சிலரும் சேர்ந்து எட்டுப் பேர், பகலில் தண்ணீர்க் குழாயைத் திறக்கவும் அஞ்சிய வாழ்க்கை. அந்த நெருக்கடியில் அவளுக்குத் தன் தாயோடு ஓயாத மனத்தாங்கல். அதையெல்லாம் நோட்டில் கொட்டித் தீர்த்தாள்.

1944 ஜனவரி 2 அன்று வேறு வேலை இல்லாததால் பழைய பக்கங்களைப் புரட்டுகிறாள். அம்மாவைப் பற்றி எழுதியிருக்கும் கடுமையான வார்த்தைகளைப் பார்த்து அதிர்ந்துபோகிறாள். வெறுப்பைப் பற்றி இப்படிப் பேசுவது நீதானா என்று தன்னையே பெயர் சொல்லிக் கேட்கிறாள். பிறகு நிதானமாக யோசிக்கிறாள். தான் தன் பக்கத்தை மட்டுமே பார்த்தாள் என்றும், அம்மாவும் அந்தச் சூழ்நிலையில் தவித்துக்கொண்டிருந்தாள் என்றும் எழுதுகிறாள். அந்தக் கடுஞ்சொற்கள் அம்மாவின் மனத்தில் தைப்பதைவிடக் காகிதத்தில் கிடப்பதே மேல் என்று ஆறுதலும் தேடிக்கொள்கிறாள். 14 வயதுப் பெண் இவள்! எழுதிய நாளில் இந்தத் தெளிவு அவளுக்கு இல்லை. எழுதாமல் விட்டிருந்தால் பின்னால் வந்திருக்கவும் வழியில்லை. படிப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காதே!

அவள் அன்றோடு மாறிவிட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். நான்கே நாளில், ஜனவரி 6-ஆம் தேதி, மறுபடியும் அம்மாவைப் பற்றிக் குறைப்பட்டு எழுதுகிறாள். எனக்கு அதுவும் பிடித்திருக்கிறது. மனம் திருந்துவது அப்படித்தான் நடக்கும்: இரண்டடி முன்னால், ஓரடி பின்னால். அதே மாதத்தில், 1942-இல் எழுதிய ஒரு பகுதிக்குக் கீழே தேதியிட்டுப் புதிதாக ஒரு குறிப்பும் சேர்த்தாள். இப்போது தன்னால் இப்படி எழுத முடியாது, தன் அறியாப் பிள்ளைத்தனத்தைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது என்பது அதன் சாரம். பழையதை அவள் அடிக்கவில்லை, கிழிக்கவில்லை. பக்கத்தில் இன்றைய மனத்தை எழுதி வைத்தாள். நீங்களும் எழுதும்போது ஓரத்தில் நல்ல இடம் விட்டுவையுங்கள். பின்னால் வரப்போகும் உங்களுக்கான இடம் அது.

எதை எழுதுவது என்று மாணவர்கள் கேட்கிறார்கள். இதற்கு நம் ஆனந்தரங்கப் பிள்ளையைப் பார்க்கச் சொல்வேன். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். 1736 முதல் 1761-இல் இறக்கும் வரை எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, கவர்னர் துய்ப்ளே இன்னது கேட்டார், தாம் இன்ன பதில் சொன்னார் என்று எழுதிக்கொண்டே போகிறார். தன்னை ஆராய வேண்டும் என்பது அவர் நோக்கமல்ல. ஆனாலும் யார் என்ன சொன்னார்கள் என்று அவர் பதிந்து வைத்த விதத்தை நாம் கற்றுக்கொள்ள வேண்டும். “இன்று மனம் சரியில்லை” என்று மட்டும் எழுதினால் அடுத்த வருடம் அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. எந்தப் பேச்சு வந்தது, யார் முதலில் குரலை உயர்த்தியது, நீங்கள் சொன்ன சொல் எது என்று எழுதினால்தான் பிற்பாடு உண்மை பிடிபடும். வங்கியிலும் கடையிலும் இலவசமாகத் தந்த டைரியில் பால் கணக்கு மட்டும் எழுதும் தாய்மாருக்கும் சொல்கிறேன்: அந்தக் கணக்குக்குக் கீழே அன்றைய பேச்சு ஒன்றைச் சேர்த்தால் போதும்.

எழுதியவுடன் மனம் லேசாகிவிடும் என்றும் சொல்லமாட்டேன். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சான்ட்ரா பீலோடு சேர்ந்து 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். தங்களை மிகவும் வருத்திய நிகழ்ச்சியையும் அதுபற்றிய உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்களுக்கு அப்போதைக்கு வேதனை கூடியது. ஆனால் பின்வந்த மாதங்களில் அவர்கள் மாணவர் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. பென்னிபேக்கரின் பிந்திய ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது. நாள் செல்லச் செல்ல “ஏனென்றால்”, “இப்போது புரிகிறது” போன்ற சொற்கள் யாருடைய எழுத்தில் கூடினவோ அவர்களே அதிகப் பயன் பெற்றார்கள். ஒரே குறையை ஒரே சொற்களில் தினமும் எழுதுவது புண்ணைக் கிளறுவதாகவே முடியும். அப்படி எழுதுகிறோமா என்பதும் திரும்பப் படித்தால்தான் தெரியும். தெரிந்துவிட்டால் அந்த விஷயத்தை நோட்டோடு நிறுத்தாமல் நம்பிக்கையான ஒருவரிடம், தேவையானால் மருத்துவரிடம், பேசிவிடுங்கள்.

இன்னொரு தடை இருக்கிறது. நம் வீடுகளில் யாராவது எடுத்துப் படித்துவிடுவார்களோ என்ற பயம். பயந்துகொண்டு எழுதும் கை பொய்தான் எழுதும். குறிப்பாகப் பெண் பிள்ளைகள் இதனாலேயே பேனாவை எடுப்பதில்லை. எனவே இங்கே வந்திருக்கும் பெற்றோரிடம் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

1944 ஆகஸ்ட் 4 அன்று ஆன் குடும்பத்தைக் கைது செய்து கொண்டுபோன பிறகு, தரையில் கிடந்த அந்தக் காகிதங்களைச் சேகரித்தவர்களில் ஒருவர், ஒளிந்திருந்தவர்களுக்கு உதவிவந்த மீப் கீஸ். மேசை இழுப்பறையில் வைத்தார். அந்தப் பெண் திரும்பி வந்ததும் கொடுக்க வேண்டும் என்று காத்திருந்தார். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. ஆன் முகாமில் இறந்துவிட்டாள் என்று உறுதியான பிறகே அவளுடைய தந்தை ஓட்டோவிடம் ஒப்படைத்தார். படித்துப் பார்த்த தந்தை, தன் மகளுக்குள் இவ்வளவு ஆழமான சிந்தனைகள் இருந்தது தமக்குத் தெரியாது என்றார். பெரும்பாலான பெற்றோருக்குத் தம் பிள்ளைகளை உண்மையில் தெரியாது என்பதே அவர் வந்த முடிவு. உங்கள் பிள்ளையின் நோட்டு மேசைமேல் திறந்தே கிடந்தாலும் மூடி வைத்துவிட்டு நகருங்கள். தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருந்தால் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து நேராகக் கேளுங்கள்.