இடியோசை எட்டும் தொலைவு

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். சித்திரையில் கோடை மழை இறங்கும்போதும், ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போதும் பழனி மலைப்பகுதியில் இடிமுழக்கம் மிகுதி. அந்த ஓசை எவ்வளவு தொலைவு வரை கேட்கும் என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

மேகமூட்டம் இல்லாத இரவில், கோடைக்கானலின் தெற்கு விளிம்பில் நின்று கீழே பாருங்கள். பெரியகுளம் நேர்கோட்டில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர், தேனி ஏறத்தாழ 25 கிலோமீட்டர், தென்கிழக்கே மதுரை 75 கிலோமீட்டர். பெரியகுளத்துக்கு மேலே மின்னல் வெட்டினால், முக்கால் நிமிடம் கழித்து அதன் உறுமல் நம்மை வந்து சேரும். தேனிக்கு மேலே வெட்டினால் ஒன்றேகால் நிமிடம் காத்திருக்க வேண்டும். அப்போதும் கேட்டால் கேட்கும், கேட்காமலும் போகும். மதுரைப் பக்கத்து மின்னலோ வெறும் ஒளியாகவே நின்றுவிடுகிறது. அதற்கு இடியே கிடையாது என்று பலர் நம்புகிறார்கள். இடியில்லாத மின்னல் என்று ஒன்றில்லை. அதன் ஓசை நம்மை எட்டவில்லை, அவ்வளவே.

மின்னல் பாயும் பாதையிலுள்ள காற்று நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்தில் ஏறத்தாழ 30,000 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி, வெடித்து விரிவதால் பிறப்பதே இடி. நம் மலைக் காற்றில் அந்த ஓசை நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. ஆகவே மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். மின்னல் பாதை பல கிலோமீட்டர் நீளமானது. அதன் ஒரு முனை நம்மிடமிருந்து 3 கிலோமீட்டரிலும் மறுமுனை 9 கிலோமீட்டரிலும் இருந்தால், முதல் ஓசைக்கும் கடைசி ஓசைக்கும் இடையே 18 நொடி ஆகும். மலைச்சரிவுகளின் எதிரொலியும் சேர்ந்து அதை இன்னும் நீட்டும். அருகில் விழும் இடி சடாரென்று காதைப் பிளக்கும். தொலைவு கூடக் கூட, கூரிய ஒலிகளைக் காற்று உறிஞ்சிவிட, கனத்த உறுமல் மட்டுமே மிஞ்சும்.

ஆனால் 25 கிலோமீட்டருக்கு அப்பால் இடி கேட்காததற்கு ஓசை தேய்ந்துபோவது மட்டும் காரணமன்று. வெப்பக் காற்றில் ஒலி விரைந்து செல்லும், குளிர்ந்த காற்றில் மெதுவாகச் செல்லும். பகலில் தரையருகே வெப்பமும் உயரே குளிர்ச்சியும் இருப்பதால், மேகத்திலிருந்து இறங்கிவரும் ஒலி சிறிது சிறிதாக மேல்நோக்கி வளைந்து, ஒரு தொலைவுக்குப் பின் தரையைத் தொடாமலே உயர்ந்து சென்றுவிடுகிறது. நான்கு கிலோமீட்டர் உயரத்தில் பிறந்த ஓசைக்கு அந்தத் தொலைவு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். சமவெளியில் இருப்பவரின் தலைக்கு மேலே கடந்துபோகும் அந்த ஓசை, இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் மலை விளிம்பில் நிற்பவரின் காதில் விழ வாய்ப்புண்டு. மலைவாசிகளுக்கு இயற்கை தந்திருக்கும் இந்த வசதியை நான் பெரிதாகவே மதிக்கிறேன். காற்று நம்மை நோக்கி வீசினால் ஓசை கீழ்நோக்கி வளைந்து மேலும் தொலைவு வரும். எதிர்த்திசையில் வீசினால் பத்து கிலோமீட்டரிலேயே அடங்கியும் போகலாம்.

பூம்பாறை, மன்னவனூர் போன்ற மேல்மலைக் கிராமங்களில் நிலைமை வேறு. பூண்டு வயலுக்கும் மழைமேகத்துக்கும் இடையே ஒரு மலைமுகடு நின்றால், மறுபக்கத்து இடி மங்கித்தான் கேட்கும். மின்னலோ மழை பெய்யும் இடத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேலும் தள்ளிப்போய் விழக்கூடியது. ஆகையால் வயலில் வேலை செய்பவர்கள் ஓசை மெல்லியதாக இருக்கிறதே என்று தயங்காமல், முதல் உறுமல் காதில் விழுந்தவுடனே கூரையுள்ள கட்டடத்துக்குள் சென்றுவிட வேண்டும். தனி மரத்தடி ஆகாது. கடைசி இடி கேட்டபின் 30 நிமிடம் கழியும்வரை வெளியே வர வேண்டாம். இடையில் மீண்டும் ஓர் உறுமல் கேட்டால், அந்த 30 நிமிடத்தை அங்கிருந்து புதிதாக எண்ணத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.