விர்ச்சுவல் மெஷினின் நெட்வொர்க் கார்டு: பாதி உள்ளே, பாதி வெளியே

[திரையில்: கெஸ்ட், ஹோஸ்ட், இரண்டுக்கும் நடுவே ஒரு வளையம்]

விர்ச்சுவல் மெஷினுக்குள் தெரிகிற கார்டு கண்ணுக்குத் தெரியும் பாதிதான். கெஸ்ட்டில், அதாவது விர்ச்சுவல் மெஷினுக்குள், ஓடும் டிரைவர்தான் ஃபிரன்ட்எண்ட். அது தரும் பாக்கெட்டை வாங்கி வெளியே அனுப்பும் பேக்எண்ட், கெஸ்ட்டைத் தாங்கும் நிஜக் கணினியான ஹோஸ்ட்டில் இருக்கிறது. நெட்வொர்க் மந்தமானால் இந்த மறுபாதியையும் பார்த்தே ஆக வேண்டும்.

விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் மென்பொருளான க்யூஎமு, இ1000 போன்ற நிஜக் கார்டை அப்படியே நடிக்கவும் செய்யும். ஆனால் கெஸ்ட் அந்தக் கார்டின் ரெஜிஸ்டரைத் தொடும்போதெல்லாம் கட்டுப்பாடு, கெஸ்ட்டுகளை நிர்வகிக்கும் ஹைப்பர்வைசருக்குத் தாவும். வேகம் அங்கேயே போய்விடும். விர்ச்சுவல் மெஷினுக்கென்றே வடிவமைத்த விர்ட்டியோ இந்த நடிப்பையே விட்டுவிட்டது.

[திரையில்: விர்ட்க்யூ]

விர்ட்டியோவின் வரிசையான விர்ட்க்யூவில் இருப்பது கெஸ்ட்டும் ஹோஸ்ட்டும் பகிரும் மெமரி. டிஸ்கிரிப்டர் டேபிளில், பாக்கெட்டை வைக்கும் பஃபரின் முகவரியும் நீளமும் இருக்கும். தயாரான பஃபரைக் கெஸ்ட் அவைலபிள் ரிங்கில் குறிக்கும்; வேலை முடிந்ததும் ஹோஸ்ட் யூஸ்டு ரிங்கில் திருப்பித் தரும். க்யூஎமுவில் வழக்கமான அளவு 256 இடங்கள்.

பாக்கெட்டைப் பெறவும் கெஸ்ட்தான் காலி பஃபர்களை முன்கூட்டியே வைக்க வேண்டும். அவை தீர்ந்தால் பாக்கெட்டுகள் கெஸ்ட்டுக்கென ஹோஸ்ட்டில் உள்ள டேப் என்ற மென்பொருள் இன்டர்ஃபேஸில் தேங்கும், பிறகு கைவிடப்படும். இங்கே பலரும் தடுமாறுவார்கள்: அந்த இழப்பு டேப்பின் டிஎக்ஸ் (அனுப்பல்) எண்ணிக்கையில் ஏறும், ஆர்எக்ஸில் (பெறல்) அல்ல. ஹோஸ்ட் அனுப்புவதைத்தானே கெஸ்ட் பெறுகிறது!

[திரையில்: வீஹோஸ்ட்-நெட்]

பேக்எண்ட் க்யூஎமுவுக்குள்ளேயே ஓடினால், ஒவ்வொரு பாக்கெட்டும் கெர்னலுக்கும் யூசர்ஸ்பேஸுக்கும் இடையே அலையும். வீஹோஸ்ட்-நெட் அந்த வேலையை லினக்ஸ் கெர்னலுக்குள் கொண்டுபோகிறது. ‘பஃபர் தயார்’ என்ற கெஸ்ட்டின் தட்டல் ஐஓஈவென்ட்எஃப்டி வழியாக வரும், பதில் இன்டரப்ட் ஐஆர்க்யூஎஃப்டி வழியாகப் போகும்; இரண்டும் கெர்னலின் சமிக்ஞை வழிகள். க்யூஎமு நடுவில் இல்லை.

டாப் கமாண்டில் திரெட்களையும் காட்டச் சொல்லிப் பாருங்கள். வீஹோஸ்ட் திரெட் ஒன்று மட்டும் 100 சதவீதத்தில் நின்றால், ஒரு சிபியு நிரம்பிவிட்டது என்று பொருள். வேலையைப் பல க்யூக்களுக்குப் பிரிக்கும் மல்டிக்யூ தேவை. 4 க்யூ என்றால் இன்டரப்ட் வெக்டர்கள் 10: க்யூவுக்கு இரண்டு வீதம் 8, கன்ட்ரோலுக்கு ஒன்று, கான்ஃபிகுக்கு ஒன்று. ஹோஸ்ட்டில் 4 க்யூ கொடுத்தாலும், கெஸ்ட்டில் கார்டு அமைப்பைக் காட்டும் ஈத்டூல் கமாண்டில் கம்பைண்டு 4 என்று அமைந்திருக்கிறதா என்று சரிபாருங்கள்.

ஸென் என்ற ஹைப்பர்வைசரிலும் இதே பிரிவினைதான். நெட்ஃபிரன்ட் கெஸ்ட்டில், நெட்பேக் வழக்கமாக டாம்0 என்ற நிர்வாக டொமைனில். அங்கே விஃப்1.0 என்ற இன்டர்ஃபேஸ் தெரிந்தால், அது டொமைன் 1 என்ற கெஸ்ட்டின் முதல் கார்டு.

[திரையில்: இரண்டு கோளாறுகள்]

ஹோஸ்ட்டில் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கமாண்ட் ‘செக்சம் (பிழை காணும் எண்) தவறு’ என்று காட்டினால் பதற வேண்டாம். அந்தக் கணக்கைக் கார்டிடம் விடும் ஆஃப்லோடு இருப்பதால் அது இன்னும் கணக்கிடப்படவே இல்லை. தொல்லை, ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபியில் வரும். அதே ஹோஸ்ட்டில் டிஹெச்சிபி சர்வர் ஓடி, கெஸ்ட்டில் பழைய கிளையண்ட் இருந்தால், அது பதிலைப் பழுதென்று தள்ளிவிடும். கெஸ்ட்டுக்கு ஐபி கிடைக்காது. ஹோஸ்ட்டில் லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸின் மேங்கிள் டேபிளில், யுடிபி 68-ஆம் போர்ட்டுக்குச் செக்சம் நிரப்பும் விதி ஒன்றைச் சேருங்கள்.

இன்னொன்று இதைவிடக் குழப்பும்: ஐபிக்குரிய கார்டு முகவரியைக் கேட்கும் ஏஆர்பிக்குப் பதில் வருகிறது, பிங் மட்டும் போகவில்லை. பிஆர்_நெட்ஃபில்டர் என்ற கெர்னல் மாட்யூல் ஏறியிருந்தால், கெஸ்ட்டுகளை இணைக்கும் மென்பொருள் ஸ்விட்சான பிரிட்ஜ் வழியாகப் போகும் ஐபி பாக்கெட்டும் ஐபிடேபிள்ஸின் ஃபார்வர்டு செயினுக்குள் நுழையும். அங்கே பாலிசி டிராப் என்றால் அவ்வளவுதான். கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் நிறுவிய ஹோஸ்ட்டுகளில் முதலில் இதைப் பாருங்கள். பிரிட்ஜுக்கு அனுமதி விதி போடுவது நல்லது. பிரிட்ஜ்-என்எஃப்-கால்-ஐபிடேபிள்ஸ் என்ற கெர்னல் அமைப்பை 0 ஆக்கினாலும் பிங் போகும், ஆனால் அதை நம்பியிருக்கும் கன்டெய்னர் விதிகள் அடிபடலாம்.