நெய் யார் வீட்டு நெய்?

(இசை விழா ஒன்றின் நிறைவு நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, வாழ்த்துரை வழங்கி அமர்ந்திருக்கும் நீதியரசர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் வைத்திருந்ததில் பாதியைச் சொல்லி முடித்துவிட்ட பேராசிரியர் அம்மா அவர்களே, செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே, இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் இளைஞர்களே, மேடை ஓரத்தில் தம்பூராவுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும் தங்கையே (நான் எப்போது இறங்குவேன் என்று நீ பார்ப்பது தெரிகிறது அம்மா), எல்லோருக்கும் வணக்கம். பொருளாளரை மறுபடியும் வணங்குகிறேன். பொன்னாடையைக் கடைசியில் போர்த்தாமல் முதலிலேயே போர்த்திவிட்டார். பேச்சு எப்படி இருக்கும் என்று அவருக்கு ஒரு சந்தேகம் இருந்திருக்கலாம்.

தலைவர் என்னை இசை ஆராய்ச்சியாளர் என்றார். ஆராய்ச்சியெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு பாட்டைக் கேட்டால், எழுதினது யார், மெட்டுப் போட்டது யார் என்று துருவுவேன், அவ்வளவுதான். வீட்டில் இதனால் எனக்கு மரியாதை குறைவு.

புகழ்பெற்ற பாட்டுகளின் பின்கதையைப் பேசச் சொன்னார்கள். மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறேன். ஒன்று, சொந்தக்காரன் பேர் தொலைந்துபோன பாட்டுகள். இரண்டு, பொய்ப் பேரில் உலவிய பாட்டுகள். மூன்று, பிரபுக்களுக்கென்று எழுதி, பிறகு மனஸ்தாபத்தில் முடிந்த இசை. மூன்றாவதுதான் ருசியானது, கடைசியில் வருகிறேன்.

பழமொழி ஒன்று சொல்வார்களே: 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!' நெய் நம்முடையது இல்லை என்றால் ஊற்றுகிற கை எவ்வளவு தாராளமாக இருக்கும்! பாட்டு விஷயத்தில் உலகம் முழுக்க இதே கைதான்.

பிறந்தநாள் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த அரங்கில் அதைப் பாடாதவர் ஒருவராவது உண்டா? அந்த மெட்டு 1893-இல் அச்சான ஒரு மழலையர் பாட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் கென்டக்கியைச் சேர்ந்த மில்ட்ரெட் ஹில், பேட்டி ஹில் என்ற அக்கா தங்கை போட்டது. அப்போது அது காலையில் வகுப்புக்குள் நுழையும் குழந்தைகளுக்கு வணக்கம் சொல்லும் பாட்டு. பிறந்தநாள் வரி பிறகுதான் ஒட்டிக்கொண்டது. 1935-இல் ஒரு பதிப்பகம் அதைத் தன் பேரில் பதிவு செய்ய, சினிமாவில் யாராவது கேக் வெட்டினால்கூடக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. 1922-இல் வந்த ஒரு பாட்டுப் புத்தகத்திலேயே வரிகள் இருப்பதை வழக்காடியவர்கள் கண்டுபிடித்துக் காட்டினார்கள். 1935 பதிவு பியானோ அமைப்புக்குத்தான், வரிகளுக்கு இல்லை என்று 2015-இல் நீதிபதி தீர்ப்புச் சொன்னார். நீதியரசர் ஐயா தலையசைக்கிறார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இதைவிடப் பெரிய கதை ஒன்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா என்று ஒரு சூலு பாடகர். எழுத்து வாசிப்பு இல்லாதவர். ஜொஹானஸ்பர்க்கில் ஓர் இசைத்தட்டு கம்பெனியில் தட்டுகளை உறையில் போட்டு அடுக்குகிற வேலை. மாலையில் தோழர்களோடு பாடுவார். 1939-இல் அதே கம்பெனியின் ஒலிப்பதிவு அறையில் 'எம்பூபே' என்று ஒரு பாட்டுப் பாடுகிறார்கள். சூலு மொழியில் எம்பூபே என்றால் சிங்கம். முதல் பதிவு சரியில்லை, இரண்டாவதும் திருப்தியில்லை. மூன்றாவது தடவை, பாட்டு முடிகிற நேரத்தில், லிண்டா உச்சஸ்தாயியில் ஒரு இழுப்பு இழுக்கிறார். ஒத்திகையில் இல்லாதது, அந்த நிமிஷத்தில் தொண்டையில் வந்தது. கொஞ்ச விநாடிதான். உலகத்துக்குப் பிடித்துப்போனது அந்த இழுப்பு.

பாட்டின் உரிமைக்கு அவருக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங்.

அந்தத் தட்டு எப்படியோ அமெரிக்கா போய், பீட் சீகர் என்ற நாட்டுப்புறப் பாடகர் கைக்கு வருகிறது. அவருக்குச் சூலு தெரியாது. 'உயிம்பூபே', அதாவது 'நீ சிங்கம்' என்று கோரஸ் பாடுவது அவர் காதில் 'விமோவே' என்று விழுகிறது. எங்கே, முன்வரிசை, ஒருமுறை சொல்லுங்கள் பார்ப்போம்... நன்றி. நீங்கள் இப்போது சொன்னது எந்த மொழியிலும் இல்லாத வார்த்தை. அந்த வார்த்தையைப் பேராக வைத்து 1950-களின் தொடக்கத்தில் சீகரின் வீவர்ஸ் குழு பாடியது, பெரிய வெற்றி. தட்டில் யார் பேர் போட்டார்கள்? பால் கேம்பல். யார் இந்தக் கேம்பல்? அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. பழைய பாட்டுகளுக்கு உரிமை வாங்க அந்தக் குழு வைத்துக்கொண்ட புனைபெயர் அது! இருக்கிற மனிதனை விட்டுவிட்டு, இல்லாத மனிதன் பேரைப் போட்டிருக்கிறார்கள். ஊரார் வீட்டு நெய்யே...

நீங்களே முடித்துவிட்டீர்கள், சந்தோஷம்.

சீகரையும் சும்மா சொல்லக்கூடாது. விஷயம் தெரிந்ததும் லிண்டாவுக்கு ஆயிரம் டாலர் அனுப்பிவைத்தார். ஆனால் பாட்டு அதற்குள் அவர் கையையும் தாண்டிவிட்டது. 1961-இல் ஆங்கில வரிகள் சேர்த்து, சிங்கத்தைத் தூங்கவைத்து, டோக்கன்ஸ் குழு பாடியதும் அமெரிக்காவில் முதலிடம். லிண்டாவின் அந்தக் கடைசி இழுப்புத்தான் புதுப் பாட்டின் மெட்டே. மறுவருஷம், 1962-இல், லிண்டா ஏழையாகவே இறந்துபோனார். கல்லறைக்குக் கல் வைக்கவே வருஷக்கணக்கில் ஆனது. பாட்டோ 'லயன் கிங்' படம் வரைக்கும் போய்விட்டது.

அப்புறம் வந்தது ஒரு பழைய சட்டம். 1911-ஆம் வருஷத்துப் பிரிட்டிஷ் காப்புரிமைச் சட்டத்தில் ஒரு மூலையில் இருந்த விதி: படைத்தவன் உரிமையை விற்றிருந்தாலும், அவன் இறந்து 25 வருஷம் ஆனால் அது வாரிசுகளுக்குத் திரும்பும். லிண்டா கணக்குக்கு 1987. இதை வைத்து 2004-இல் வழக்குப் போட்டார்கள், 2006-இல் சமரசம். தொகை எவ்வளவு என்று வெளியே சொல்லவில்லை. ஆனால் பாட்டை உண்டாக்கியவர்களில் ஒருவர் என்று லிண்டாவின் பேர் ஏறியது. 67 வருஷம், ஒரு பேர் ஏற!

இரண்டாவது விஷயம், பொய்ப் பேர். இங்கே பழமொழியைத் திருப்பிப் போட வேண்டும். வயலின் மேதை ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் பல வருஷம் தன் கச்சேரிகளில் பழைய காலத்து ஆசிரியர்களின் அபூர்வ உருப்படிகள் என்று சிலவற்றை வாசித்தார். புன்யானி எழுதினது, கூப்ரான் எழுதினது என்று அச்சிலும் வந்தது. 1935-இல் ஒரு விமர்சகர் மூலப் பிரதியைத் தேடி அலுத்துப்போய் அவரையே கேட்க, எல்லாம் நான் எழுதினதுதான் ஐயா என்றார். தன் வீட்டு நெய்யை ஊரார் நெய் என்று ஊற்றிய ஒரே ஆசாமி இவர்தான் என்று நினைக்கிறேன்.

நம் பக்கம் ஒன்று கேட்கிறேன். 'குறை ஒன்றும் இல்லை' யார் பாட்டு? எம்.எஸ். என்கிறீர்கள். பாடினது அவர். எழுதினது ராஜாஜி என்று நாலு கைகள் உயர்கின்றன, நல்லது. மெட்டமைத்தது? ... பார்த்தீர்களா. கடையநல்லூர் வெங்கட்ராமன். சிவரஞ்சனியில் எடுத்து, காப்பிக்குப் போய், சிந்துபைரவியில் கொண்டுவந்து இறக்கியவர். நாம் கண் கலங்குகிற இடங்களுக்கு அவர்தான் பொறுப்பு.

துண்டுச் சீட்டு வந்துவிட்டது. 'ஐந்து நிமிடம்' என்று எழுதி, ஐந்தை அடித்து மூன்று ஆக்கியிருக்கிறார் செயலாளர். மூன்றாவது விஷயத்துக்கு நேரமில்லை. பீத்தோவன் தன் சிம்பொனியின் முதல் பக்கத்தில் நெப்போலியன் பேரைச் சுரண்டிய வேகத்தில் தாளே ஓட்டையானதும், அந்தத் தாள் வியன்னாவில் இன்றைக்கும் இருப்பதும் அடுத்த வருஷம். கூப்பிட்டால்.

ஒரு விண்ணப்பம் மட்டும். இதோ இன்றைய நிகழ்ச்சி நிரல். பத்துப் பாட்டு போட்டிருக்கிறது. பாடுகிறவர் பேர், வயலின், மிருதங்கம், கடம், சரி. ஒலிபெருக்கி யார், மேடை அலங்காரம் யார், அச்சிட்டது யார், எல்லாம் இருக்கிறது. பத்துப் பாட்டில் ஒன்றுக்காவது எழுதினவர் பேர்? மெட்டமைத்தவர் பேர்? குழுவின் மனம் நோகச் சொல்லவில்லை, செயலாளர் என் நண்பர். பாட்டுக்கு ஒரு வரி கூடினால் தாள் பெரிதாகிவிடாது. அலங்காரக்காரர் பேருக்குக் கீழே ஒன்றரை அங்குலம் காலியாகக் கிடக்கிறது, நான் அளந்து பார்த்துவிட்டேன்.

இந்த வருஷத்துத் தாள் அச்சாகிவிட்டது, அதை ஒன்றும் செய்ய முடியாது. வாய் இருக்கிறதே. தங்கையே, தம்பூரா சேர்ந்துவிட்டதா? முதல் பாட்டை ஆரம்பிக்கும் முன் எழுதினவர் பேரையும் மெட்டமைத்தவர் பேரையும் சொல்லிவிட்டுப் பாடச் சொல், அம்மா. நான் கீழே முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன்.